கழுத்தில் இருப்பது கன்டினியூட்டி

இல்லை அக்கா, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இது கன்டினியூட்டி.

கயிற்றை உள்ளே விட்டிருந்தும் கண்டுபிடித்துவிட்டீர்கள். கழுத்தோரம் மஞ்சள் தெரிகிறது, இல்லையா? நீங்கள் பரவாயில்லை, "எத்தனை மாசம் ஆச்சும்மா?" என்று நேராகக் கேட்டுவிட்டீர்கள். கிளாம்பாக்கத்தில் கண்டக்டர் என்ன செய்தார் தெரியுமா? "வீட்டுக்காரர் முன்னால உக்காரட்டும், நீ இங்க லேடீஸ் பக்கத்துல உக்காரும்மா" என்று அவராகவே முடிவுசெய்து, அவராகவே பிரித்து உட்கார வைத்தார். அதோ, மூன்றாவது சீட்டில் நீலச் சட்டை, உயரமாக. அவர் வீட்டுக்காரர் இல்லை. லைட்மேன். நான் மறுத்துச் சொல்லவில்லை. எனக்கு யாரையும் மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. அதிகம் பேசவே மாட்டேன். எங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

நாளைக் காலையில் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குத்தான் ஊருக்குப் போகிறேன், கோவில்பட்டிக்கு. அப்படிப் பார்க்காதீர்கள் அக்கா. தப்பு ஒன்றும் நடக்கவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. அதை அப்பாவிடம் எப்படி விளக்குவது என்பதுதான் ஒரே யோசனை. நீங்கள் திருநெல்வேலிதானே போகிறீர்கள்? உங்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், ஒத்திகை மாதிரி. எந்த இடத்தில் புரியவில்லையோ அங்கே நிறுத்திக் கேளுங்கள்.

நான் சினிமாவில் அசிஸ்டென்ட் டைரக்டர். எட்டுப் பேரில் எட்டாவது. என் வேலை கன்டினியூட்டி பார்ப்பது. ஹீரோ திங்கட்கிழமை பாதிக் காபி குடிப்பார். மீதிக் காட்சியை வியாழக்கிழமை எடுப்பார்கள். வியாழக்கிழமையும் டம்ளரில் அதே பாதிக் காபி இருக்க வேண்டும், அதே நுரையோடு. சட்டையில் எந்தப் பொத்தான் திறந்திருந்தது, நெற்றியில் முடி எந்தப் பக்கம் விழுந்திருந்தது, எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, போனில் படம் எடுத்து வைத்திருப்பேன். காட்சி முடிகிறவரை எதுவும் மாறக் கூடாது. மாறினால் என்னைத்தான் கேட்பார்கள்.

என் கண்ணுக்கு எதுவும் தப்பாது அக்கா. உங்கள் இடது காதுத் தோட்டில் ஒரு கல் விழுந்திருக்கிறது. செங்கல்பட்டிலேயே பார்த்தேன். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

நாங்கள் எடுத்தது காதல் காமெடி. இன்னும் பேர் வைக்கவில்லை, 'புரொடக்‌ஷன் நம்பர் நான்கு' என்றுதான் சொல்வோம். திரையில் பார்த்தால் நீங்கள் உருகிவிடுவீர்கள். ஆனால் ஹீரோவும் ஹீரோயினும் முழுதாக ஒரு மணி நேரம் எதிரெதிரே நின்றதில்லை. ஏதோ பேட்டியில் ஏதோ சொல்லிவிட்டாராம் ஒருத்தர். அதனால் ஹீரோ காலையில் வந்து ஒரு லைட் ஸ்டாண்டைப் பார்த்துக் காதலிப்பார். ஸ்டாண்டில் கண் உயரத்துக்குச் சிவப்பு டேப் ஒட்டியிருக்கும். அந்த அம்மா, ஆஷ்னா என்று பேர், மத்தியானம் வந்து பூபாலனைப் பார்த்துக் காதலிப்பார். பூபாலன் என்பது இவர்தான், நீலச் சட்டை. ஹீரோவும் இவரும் ஒரே உயரம், ஆறடி. ஆஷ்னாவுக்குத் தமிழ் வராது. அதனால் வசனத்துக்குப் பதிலாக எண்களைச் சொல்வார். கண் நிறையத் தண்ணீரோடு, உதடு துடிக்க, "அறுபத்தெட்டு... அறுபத்தொன்பது..." என்பார். டப்பிங்கில் அது "நீ இல்லாம என்னால முடியலடா" ஆகிவிடும். பூபாலன் அசையாமல் நின்று கேட்டுக்கொள்வார். "எதுவும் தோணலையா?" என்று ஒரு நாள் கேட்டேன். "எழுபதுக்கு மேல போனாத்தான் மேடம் தோணும்" என்றார். சிரிக்காமல் சொல்வார். அவருக்கு இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் உண்டு. சிரிப்பை அடக்கினால் அது மேலே ஏறி இறங்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தை மாதம் கல்யாணக் காட்சி. மாங்காட்டில் ஒரு மண்டபம். வழக்கமாகச் சினிமாவில் ஐயராக வருகிறவர் அன்றைக்கு ஏதோ சீரியலுக்குப் போய்விட்டார். மேனேஜர் பக்கத்துத் தெருவில் இருந்த நிஜமான சாஸ்திரிகளைக் கூட்டி வந்துவிட்டார். "ஒன்பதே முக்காலுக்குத் தாலி கட்டணும், வந்துடுங்க சாமி" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் வாழ்க்கையில் ஷூட்டிங்கே பார்த்ததில்லை. ஒன்பதே கால் மணிக்கே வந்து, ஹோமம் வளர்த்து உட்கார்ந்துவிட்டார்.

ஹீரோ கேரவனில் இருந்தார். ஹீரோயின் வேறொரு கேரவனில் இருந்தார். ஷாட்டுக்கு முன்னால் லைட் பார்க்க வேண்டும். அதற்கு அதே உயரத்தில் இரண்டு பேரை அந்த இடத்தில் உட்கார வைப்பார்கள். ஆஷ்னா ஐந்தடி எட்டு அங்குலம். யூனிட்டில் அந்த உயரத்தில் இருந்த ஒரே பெண் நான். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் தள்ளிய உயரம், அன்றைக்கு மணவறையில் தள்ளியது. கலர் தெரிய வேண்டும் என்று கூரைப்புடவை கட்டிவிட்டார்கள். நிழல் எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டுமென்று மாலையையும் போட்டார்கள். பக்கத்தில் பூபாலன், பட்டு வேட்டியில்.

சாஸ்திரிகள் எங்களைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "நாழியாறது, பேரு நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார். நான் சொன்னேன். அவரும் எதையோ குறித்து வைத்துக்கொள்ளத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன், எனக்கும் அந்தப் பழக்கம் உண்டே. மங்கையர்க்கரசி, ரோகிணி. பூபாலனும் சொன்னார். சாஸ்திரிகள் விரல்விட்டு எண்ணிப் பார்த்து "பேஷ்" என்றார். பிறகு மந்திரத்தைத் தொடங்கிவிட்டார்.

இதிலே யார் தப்பு செய்தார்கள், சொல்லுங்கள். யாருமே இல்லை. அதுதான் இதில் விசேஷம். "சாமி கையைத் தூக்கினதும் வாசிங்க" என்று நாதஸ்வரக்காரர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் தூக்கினார், இவர்கள் வாசித்தார்கள். "மேளம் கேட்டதும் அட்சதை போடுங்க" என்று நூற்றிருபது துணை நடிகர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். மேளம் கேட்டது, போட்டார்கள். "தாலி கையில வந்ததும் கேமராவை ஓட விடு" என்று கேமரா அசிஸ்டென்டுக்குச் சொல்லியிருந்தார்கள். வந்தது, ஓட விட்டார். அவரவர் வேலையை அவரவர் சரியாகச் செய்தார்கள். எங்கள் யூனிட்டில் அப்படி நடந்தது அந்த ஒரு நாள்தான்.

நிறுத்தியிருக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். நானும் பூபாலனும். என்னைத்தான் தெரியுமே, மறுத்துப் பேச மாட்டேன். அவரோ லைட்மேன். லைட்மேன்களிடம் நில் என்றால் நிற்பார்கள், பிடி என்றால் பிடிப்பார்கள். சாஸ்திரிகள் "கட்டுங்கோ" என்றார். கட்டினார்.

ஒரு விஷயம் மட்டும்தான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. எங்கள் சினிமாக் கல்யாணங்களில் மூன்றாவது முடிச்சைப் போட மாட்டார்கள். இரண்டோடு நிறுத்திவிடுவார்கள், அது ஒரு சென்டிமென்ட். இரண்டாவது முடிச்சு விழுந்தது. நிறுத்துவார் என்று நினைத்தேன். பூபாலன் பதினோரு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறார், எத்தனை கல்யாணத்துக்கு லைட் பிடித்திருப்பார். ஆனால் அன்றைக்கு எப்படியோ மறந்துவிட்டார். மூன்றாவதை நிதானமாக, நகைப் பெட்டியைப் பூட்டுகிற மாதிரிப் போட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஹோமப் புகை.

"கட்! இதான்யா ஷாட்!" என்று சத்தம் கேட்டது. எங்கள் டைரக்டர் இளம்பரிதி சார் அப்போதுதான் வந்து மானிட்டரில் பார்த்திருக்கிறார். முதுகுப் பக்கமிருந்து எடுத்த ஷாட். என் பின்கழுத்து, அவர் கை, பறக்கிற அட்சதை, இவ்வளவுதான். ஹீரோவும் ஹீரோயினும் என்றே நினைத்துக் கைதட்டிக்கொண்டு வந்தார். நான் திரும்பினேன். கைதட்டல் நின்றுவிட்டது.

அப்புறம் ஒரே குழப்பம். மேனேஜர் சாஸ்திரிகளிடம் போய், "சாமி, இது பொய்க் கல்யாணம், இன்னொரு வாட்டி பண்ணணும்" என்றார். சாஸ்திரிகளுக்கு வந்ததே கோபம். "அக்னி பொய்யா? நான் பொய்யா? நான் பண்ணி வச்சா பண்ணி வச்சதுதான்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அது ஆஷ்னா காதுக்குப் போனது. மந்திரம் நிஜம் என்றால் அந்தத் தாலியை நான் தொடக்கூட மாட்டேன், என் ஜாதகத்தில் இரண்டு வருஷத்துக்குக் கல்யாணம் கூடாது என்று கேரவன் கதவைச் சாத்திவிட்டார்.

இளம்பரிதி சார் கெட்டிக்காரர். எடுத்த ஷாட் அப்படியே இருக்கட்டும், மீதிக் கழுத்து குளோஸப்புகளை மங்கையின் கழுத்தை வைத்தே பேட்ச் வேலையில் எடுத்துக்கொள்ளலாம் என்றார். பேட்ச் வேலை என்றால் விட்டுப்போனதை எல்லாம் கடைசியில் சேர்த்து எடுப்பது. "இப்போ கழட்டி வச்சிரும்மா. அன்னைக்குத் திரும்பக் கட்டிக்கலாம்" என்றார்.

இங்கேதான் அக்கா, நீங்கள் கவனிக்க வேண்டும். நான் மறுத்தேன்.

"முடிச்சு மாறிடும் சார்" என்றேன்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. மூன்று மாதத்தில் நான் டைரக்டர் முன்னால் வாய் திறந்தது அன்றைக்குத்தான். ஆனால் வேலை என்றால் வேலை. மூன்றாவது முடிச்சு கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்திருக்கிறது. நுனி மேலே பார்த்து நிற்கிறது. அவிழ்த்துவிட்டால் அதே முடிச்சை அவராலேயே திரும்பப் போட முடியாது. படம் பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். இதையெல்லாம் சொன்னேன். பின்னாலிருந்து பூபாலன், "மேடம் சொல்றது கரெக்ட் சார். முடிச்சு மாறும்" என்றார். லைட்மேனுக்கு இவ்வளவு கன்டினியூட்டி தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பத்து நாளில் பேட்ச் வேலை என்றார்கள். அது மாசியில் இல்லை, பங்குனியில் இல்லை. ஹீரோ தாடி வளர்த்து வேறொரு படத்துக்குப் போய்விட்டார்.

நாங்கள் இரண்டு பேரும்தான் விடாமல் காப்பாற்றி வந்தோம். கயிறு வெளுத்துப்போகும், இல்லையா? குளிக்கக் குளிக்க மஞ்சள் போய்விடும். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் பூபாலன் மஞ்சள் அரைத்துக்கொண்டு வடபழனியில் என் ஹாஸ்டலுக்கு வருவார். நான் ஷூட்டிங் அன்று எடுத்த போட்டோவைப் பக்கத்தில் வைத்துக் கலர் பார்த்துப் பூசிக்கொள்வேன். கூடவே ஒரு முழம் மல்லிகை கொண்டுவருவார், ஷாட்டில் மல்லிகை இருந்ததால். வாட்ச்மேனிடம் ஒரு நோட்டு இருக்கும், வருகிறவர்கள் எழுத வேண்டும். 'உறவு' என்ற இடத்தில் அவர் "கன்டினியூட்டி" என்றே எழுதுவார். மூன்றாவது வாரம் வார்டன் அம்மா அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "அது எந்தப் பக்கத்து ஜாதிம்மா?" என்று கேட்டார்.

முன்னெல்லாம் நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். செட்டில் எல்லோரும் அண்ணாதானே. கல்யாணக் காட்சிக்கு மறுநாளே வந்து, "மேடம், இனிமே அண்ணா வேணாம்ங்க. ஷாட்டுக்கு ஒத்துவராது" என்றார். யோசித்துப் பார்த்தேன், சரியாகத்தான் பட்டது. அப்படியானால் மேடமும் ஒத்துவராதே என்றேன். அன்றையிலிருந்து அவர் "மங்கை" என்கிறார். நான் "இந்தாங்க" என்கிறேன்.

சித்திரையில் ஒரு சோதனை. வேறொரு செட்டில் சூடான லைட்டைத் தொட்டு வலது கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டார். என் நிலைமையை யோசியுங்கள். அது ஷாட்டில் இருக்கிற விரல். ஆட்டோ பிடித்து ஓடினேன். ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டாக்டரிடம் மூன்று தடவை "தழும்பு விழுமா?" என்று கேட்டேன். வேலையில் அவ்வளவு அக்கறை எனக்கு. கட்டு நனைந்தால் தோல் நிறம் மாறிவிடும் அல்லவா? அதனால் ஒன்பது நாள் நானே சோறு ஊட்டிவிட்டேன். சாம்பார் சாதத்தில் கத்தரிக்காயை ஒதுக்கிவிடுவார். சின்ன வெங்காயம் என்றால் கடைசியாகச் சாப்பிட எடுத்து வைப்பார். இதெல்லாம்கூட நோட்டில் இருக்கிறது. எது எப்போது தேவைப்படும் என்று சொல்ல முடியாது.

மாப்பிள்ளையா? பெங்களூரில் ஏதோ கம்பெனியாம். போட்டோ அனுப்பியிருந்தார்கள். கண்ணாடி போட்டிருக்கிறார். இல்லை... போட்டிருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். சரியாகக் கவனிக்கவில்லை. அப்பா போனில், "ஞாயித்துக்கிழமை வரச் சொல்லிரவா?" என்று கேட்டார். சரி என்றேன். வேறென்ன சொல்வது? வீட்டில் இந்தக் கயிறு தெரியாது. வீடியோ காலில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு பேசுவேன். அம்மா, "சென்னையில அவ்வளவு குளிரா?" என்பாள்.

நீங்கள் கேட்பது புரிகிறது. கழற்றிவிட்டுப் போக வேண்டியதுதானே என்கிறீர்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவிடம் இந்த இடத்தைச் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் எங்கள் யூனிட் வாட்ஸ்அப் குரூப்பில் இளம்பரிதி சார் ஒரு மெசேஜ் போட்டார். கல்யாணக் காட்சியே படத்தில் இல்லை, மொத்தமாகத் தூக்கியாகிவிட்டது, இந்தக் காலத்து ஜனங்களுக்குக் காதல் படம் கல்யாணத்தில் முடிந்தால் பிடிக்காது, அதனால் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டில் பிரிந்துபோகிற மாதிரி முடித்துவிட்டோம் என்று. கடைசி வரியில், "மங்கை, தாலியைக் கழட்டிக்கலாம். தேங்க்ஸ்."

கழற்றவில்லை. டைரக்டர்கள் மனசு மாறுவார்கள் அக்கா. ரிலீஸுக்கு முந்தின நாள்கூட மாற்றுவார்கள். நாளைக்கே கல்யாணம் வேண்டும் என்றால் அந்த முடிச்சுக்கு நான் எங்கே போவேன்? படம் தியேட்டருக்கு வருகிறவரை காப்பாற்றுவதுதான் எங்கள் தொழிலுக்கு மரியாதை.

பூபாலனிடம் சொல்லவும் மனசு வரவில்லை. பாவம், பதினோரு வருஷத்தில் அவர் கை திரையில் வரப்போகிற முதல் படம். நல்லவேளை, அவர் அந்த மெசேஜைப் பார்க்கவில்லை. குரூப்பில் காலையில் முதல் ஆளாக ரோஜாப்பூ படம் போட்டு குட்மார்னிங் சொல்வது அவர்தான், எல்லா மெசேஜுக்கும் பதில் போடுகிறவரும் அவர்தான். ஆனாலும் இதைப் பார்க்கவில்லை. அதற்கு நேர்கீழேயே ஒரு ரோஜாப்பூ போட்டிருந்தார். பார்க்காமலே போட்டிருப்பார். அந்த வெள்ளிக்கிழமையும் வழக்கம்போல மஞ்சளோடு வந்தார். "கலர் சரியா இருக்கா?" என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் கேட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். அன்றைக்கு மல்லிகை இரண்டு முழம்.

இவர் எதற்கு என்னோடு வருகிறார் என்றுதானே பார்க்கிறீர்கள்? அப்பா ரிட்டையர்டு சர்வேயர். எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். கன்டினியூட்டி பக்கத்தை நான் விளக்கிவிடுவேன். லைட்டிங் பக்கத்தை யார் விளக்குவது? "ஊருக்கு வந்து சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். முழுதாகக் கேட்கக்கூட இல்லை, "எந்த பஸ்?" என்றார். மேலே அந்தப் பெரிய பை அவருடையதுதான். உள்ளே ஒரு தாம்பாளம், பழம், வெற்றிலை பாக்கு, அப்பாவுக்குப் பட்டுக்கரை வேட்டி, அம்மாவுக்கு ஒரு புடவை. எதற்கு இதெல்லாம் என்று கேட்டால், "மொத வாட்டி ஒரு வீட்டுக்குப் போறப்ப வெறுங்கையோட போகக் கூடாதுங்க" என்கிறார். மரியாதை தெரிந்தவர். தன் அம்மாவிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாராம். லைட்டிங் விளக்கப் போவதற்கு அம்மா எதற்குத் திருநீறு பூசி அனுப்ப வேண்டும்? அவர்கள் குடும்பமே அப்படி, சின்ன விஷயத்தையும் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? முறுக்கு வேண்டாம் அக்கா, கை எண்ணெயானால் கயிற்றிலும் பட்டுவிடும்.

சாத்தூர் தாண்டிவிட்டோமா? அதோ, அவர் எழுந்துவிட்டார். பையை எடுக்கத்தான் வருகிறார். ஒரு நிமிஷம் அக்கா, அவரிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்தாங்க, இங்கே கொஞ்சம் வாங்க.

...

கேட்டீர்களா? வீட்டுக்குள் நுழையும்போது கயிறு உள்ளே இருக்க வேண்டுமா, வெளியே இருக்க வேண்டுமா என்று கேட்டேன். "வெளியதான் மங்கை. ஷாட்ல வெளியதான் இருந்துச்சு. எல்லாருக்கும் தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்விட்டார்.

இல்லை அக்கா. உள்ளேதான் இருந்தது.

நோட்டில் நாற்பத்தொன்றாம் பக்கம். முன்பக்கம் முழுக்க மாலை. ஒரு நூல்கூட வெளியே தெரியவில்லை. போட்டோவும் இருக்கிறது. அந்தக் கல்யாணக் காட்சிக்குப் பிறகு என் நோட்டுக்கு மாறாக டைரக்டரே சொன்னாலும் நான் விட்டதில்லை, மூடியிருந்த பேனாவைக்கூடத் திறக்க வைத்திருக்கிறேன். கூப்பிட்டுத் திருத்தலாம். மச்சம் வேறு மேலே ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, இங்கிருந்தே தெரிகிறது.

கோவில்பட்டி வந்துவிட்டது. அப்பா பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருக்கிறார், அந்தக் கருப்புக் குடைதான். இறங்கின உடனே பார்த்துவிடுவார்.

இதோ, வெளியே எடுத்துவிட்டுக்கொண்டேன். நேராக இருக்கிறதா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் அக்கா.